சாமியை முழுங்கக் கூடாது

மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு வீடு முழுக்க அதையே தேடுகிற வயது நமக்கு வந்துவிட்டது. நம்ம செட்டு ஆட்கள் யாரும் இதை மறுக்க வேண்டாம். நேற்று நானும் அப்படித்தான் தேடிக்கொண்டிருந்தேன். வாய் தன்பாட்டுக்கு, "அந்தோணியாரே, கண்டுபிடிச்சுக் குடுத்துருமய்யா" என்று முணுமுணுத்தது. அந்த நொடியே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தனியாகச் சிரிக்கிறாளே என்று வீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். அவருக்குச் சொன்னால் புரியாது, அவர் தஞ்சாவூர்ப் பக்கம். உங்களுக்குச் சொல்கிறேன்.

திண்டுக்கல்லில் எங்கள் வீட்டில் தொலைந்துபோகிற பொருட்களுக்கெல்லாம் பொறுப்பு புனித அந்தோணியார். அவருக்கும் எங்களுக்கும் நடுவில் ஏஜெண்டு என் பெரிய மாமா. சைக்கிள் சாவி தொலைந்தாலும் சரி, அப்பாவின் பேனா மூடி தொலைந்தாலும் சரி, பெரிய மாமாவிடம் சொல்லிவிட்டால் போதும். கண்ணை மூடி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு மெழுகுவர்த்தி நேர்ந்துகொள்வார். பொருள் கிடைத்தால் அந்தோணியார் கொடுத்தது. கிடைக்கவில்லை என்றால், அது நமக்கு வேண்டாம் என்று அந்தோணியார் முடிவு செய்துவிட்டார். எப்படிப் பார்த்தாலும் அந்தோணியார் தோற்க வழியே கிடையாது.

பெரிய மாமா வைத்திருந்த பஸ்ஸின் பெயரும் அந்தோணியார்தான். தாத்தா வாங்கிப் பெயர் வைத்த பஸ். திண்டுக்கல்லிலிருந்து செம்பட்டி வழியாக வத்தலக்குண்டு போய்த் திரும்பும். தாத்தா போன பிறகு சொத்துப் பிரிந்தபோது பஸ் பெரிய மாமாவுக்கு வந்தது. தன் பங்குக்கு வந்ததைப் போட்டுச் சின்ன மாமா வேறொரு பஸ் வாங்கினார். அதற்குச் செபஸ்தியார் என்று பெயர் வைத்தார். அதுவரை யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் சின்ன மாமாவுக்கு அதே ரூட்டில், அண்ணன் பஸ்ஸுக்கு ஐந்து நிமிடம் முன்னால் டைமிங் கிடைத்துவிட்டது.

"தம்பி முன்னால போயி ஆளையெல்லாம் அள்ளிட்டுப் போயிர்றான். நான் பின்னாலயே தூசிய ஏத்திக்கிட்டு வாரேன்" என்று பெரிய மாமா ஒரு கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் சொன்னார். சின்ன மாமா இலையில் கையை உதறிவிட்டு எழுந்து போனார். அன்றோடு பேச்சு நின்றது.

இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது என் அம்மா. ஒருவருக்குத் தங்கை, இன்னொருவருக்கு அக்கா. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இரண்டு பேரும் எங்கள் வீட்டில்தான் சாப்பிட வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு. வருவார்கள். ஆளுக்கொரு பக்கம் திரும்பி உட்காருவார்கள். "மருமகளே, உங்க சின்ன மாமாகிட்டச் சொல்லு, வேட்டி முந்தி குழம்புல படுதுன்னு" என்று பெரிய மாமா சொல்வார். "தெரியும்னு சொல்லு" என்று சின்ன மாமா என்னிடமே சொல்வார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளி இருக்கும். ஆனாலும் நான் எல்லாவற்றையும் ஒரு தடவை திருப்பிச் சொல்ல வேண்டும்.

பெரிய மாமாவுக்குப் பல் சொத்தை. அதனால் கறிக்குழம்பில் எலும்பில்லாத துண்டாகப் பொறுக்கி, நன்றாக வெந்ததா என்று விரலால் நசுக்கிப் பார்த்துத்தான் அம்மா அவர் தட்டில் வைப்பாள். எங்களுக்கெல்லாம் கரண்டியில் எது வருகிறதோ அதுதான்.

அந்த வருடக் கோடை லீவில் ஜெர்மனியிலிருந்து சித்தி வந்தார். சித்தி கன்னியாஸ்திரி. அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. சாக்லேட், சோப்பு இவற்றுக்கு நடுவே ஒரு பெட்டியும் கொண்டுவந்தார். மூடியில் வானத்தைத் தொடும் கட்டடங்கள். திறந்தால் சோப்பு வாசனை. உள்ளே கட்டம் கட்டமாக ஒரு பலகை, எண்ணும் எழுத்தும் போட்ட சின்னச் சின்னக் கறுப்புச் சில்லுகள், கலர் கலராகப் பங்கு அட்டைகள், முறுக்கென்று புதுசாகப் பொம்மை நோட்டுகள். கம்பெனி ஆரம்பித்துப் பங்கு வாங்கும் விளையாட்டாம்.

"பனிக்காலத்துல மடத்துல நாங்க இதத்தான் ஆடுவோம். எப்பவும் மதர் சுப்பீரியர்தான் ஜெயிப்பாங்க" என்றார் சித்தி. அம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள்.

சித்தி ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். ஆளுக்கு ஆறு சில்லு. மற்றவர்களுக்குக் காட்டக் கூடாது. சில்லில் போட்டிருக்கும் எண்ணும் எழுத்தும் எந்தக் கட்டமோ அங்கேதான் வைக்க வேண்டும். இரண்டு சில்லு ஒட்டி விழுந்தால் ஒரு கம்பெனி பிறக்கும். பக்கத்தில் பக்கத்தில் சில்லு விழ விழக் கம்பெனி வளரும். எந்தக் கம்பெனியில் வேண்டுமானாலும் யாரும் பங்கு வாங்கலாம். ஒரு சில்லு இரண்டு கம்பெனிகளைத் தொடும்படி விழுந்துவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். பெரியது சின்னதை முழுங்கிவிடும், சின்னதன் பெயர் பலகையிலிருந்து போய்விடும். இரண்டும் ஒரே அளவு என்றால் எந்தப் பெயர் நிற்பது என்று சில்லு வைத்தவர் சொல்லலாம். பதினோரு சில்லு சேர்ந்துவிட்ட கம்பெனியை மட்டும் யாராலும் முழுங்க முடியாது.

சொல்லிக்கொடுத்துவிட்டுச் சித்தி ஜெர்மனிக்குப் போய்விட்டார். விதிமுறைக் காகிதம் ஜெர்மன் பாஷையில் இருந்தது. அதை அப்பா மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டார்.

கம்பெனிகளின் பெயர்கள் எதுவும் எங்கள் வாயில் நுழையவில்லை. அதனால் நானும் தம்பியும் ஒரு வேலை செய்தோம். சோற்றுப் பருக்கையைத் தடவி, அந்தப் பெயர்களின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டி, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற பஸ்களின் பெயர்களை எழுதினோம். அந்தோணியார், செபஸ்தியார், முருகன், பாத்திமா. இன்னும் இரண்டு இருந்தன, மறந்துவிட்டது, அவையும் சாமி பெயர்கள்தான். ஏழாவது கம்பெனிக்குச் சாமி கிடைக்கவில்லை. அந்தச் சமயத்தில் வத்தலக்குண்டு ரூட்டில் வரிசையாகப் பஸ் விட்டுக்கொண்டிருந்த ஒரு முதலாளியை வீட்டில் எல்லோரும் 'பெரிய கம்பெனி' என்றுதான் சொல்வார்கள். அதையே எழுதிவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஆட்டம். ஜமக்காளத்தில் பலகையை விரிப்போம். அப்பா கணக்கு வாத்தியார், தினமும் குஜிலியம்பாறைக்குப் போய்வருகிறவர். அந்த ஊருக்கு மாமாக்கள் இருவர் பஸ்ஸும் போகாது என்பதால் அவரை நடுநிலையாளராக வைத்துப் பேங்க் பொறுப்பைக் கொடுத்தோம். மின்விசிறிக் காற்றில் நோட்டுப் பறக்காமலிருக்க வாசல் பூட்டைக் கழற்றிக்கொண்டு வந்து மேலே வைத்துக்கொள்வார். பக்கத்து வீட்டுப் பாய் மாமாவும் வருவார். தோல் வியாபாரி. அவர் உட்கார்ந்தால் அத்தர் வாசனையும் தோல் வாசனையும் சேர்ந்து வரும். கறி எடுப்பதே அவர் சொன்ன கடையில்தான், ஆகவே சாப்பாட்டுக்கும் தயங்காமல் உட்காருவார்.

பெரிய மாமா அந்தோணியார் பங்கை மட்டும் வாங்குவார். சின்ன மாமா செபஸ்தியாரைத் தவிர எதையும் தொட மாட்டார். பாய் மாமா எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கிப் போட்டுக்கொண்டு வாரா வாரம் ஜெயிப்பார். அம்மா அடுப்படிக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டே ஆடுவாள். தன் சில்லுகளை முந்தானையில் முடிந்துகொள்வாள். அந்தோணியாரில் ஒரு பங்கு வாங்கினால் உடனே செபஸ்தியாரிலும் ஒன்று. அம்மாவுக்கு ஆட்டம் புரியவில்லை, பாவம், அண்ணன் தம்பி மனசு கோணாமல் வாங்கிக்கொண்டிருக்கிறாள் என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டோம்.

முதல் சண்டை இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையே வந்தது. சின்ன மாமா ஒரு சில்லை வைத்துவிட்டு உற்சாகமாகக் கை தட்டினார். "முருகன் பாத்திமாவ முழுங்கியாச்சு!"

பாய் மாமாவின் டீ கிளாஸ் பாதி வழியில் நின்றது. "எங்க பாத்திமாவையா?"

அடுப்படியிலிருந்து கரண்டியோடு அம்மா ஓடிவந்தாள். "எங்க பாத்திமா மாதாவையா?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பஸ் பெயருக்கு இரண்டு வீட்டிலும் சொந்தம் கொண்டாடிக்கொண்டிருந்தது அன்றுதான் வெளியே வந்தது. அதற்குள் பெரிய மாமாவுக்கு இன்னொரு பயம் வந்துவிட்டது. "மாப்ளே, இத இப்பிடியே விட்டா நாளைக்கு முருகன் வந்து அந்தோணியாரையும் முழுங்குவாரே? இல்ல, நம்மாளு போயி முருகன முழுங்கினா மட்டும் நல்லாருக்குமா? நம்ம டிரைவரு வருசா வருசம் பழனிக்கு நடந்து போற ஆளு. காதுல விழுந்தா வண்டியில கை வைப்பாரா?"

அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். "இந்த வீட்டில சாமியச் சாமி முழுங்கக் கூடாது. அப்பிடிப்பட்ட சில்ல யாரும் வைக்கக் கூடாது."

எல்லோருக்கும் நிம்மதி. கம்பெனிகளை இணைக்கிற விளையாட்டில் இணைப்பே கூடாது என்று சட்டம் போட்ட குடும்பம் உலகத்தில் எங்களுடையதாகத்தான் இருக்கும். மதர் சுப்பீரியர் கேட்டிருந்தால் நெஞ்சில் கை வைத்திருப்பார். கம்பெனிகள் நாலு சில்லு, ஐந்து சில்லு என்று வளர்ந்து, பக்கத்துச் சாமி வந்ததும் மரியாதையாக ஒரு கட்டம் விட்டு நின்றுவிடும்.

அதில் ஓட்டை போட்டது என் தம்பிதான். "பெரிய கம்பெனிக்குத்தான் சாமியே இல்லையே? அது முழுங்கலாம்ல?" என்று கேட்டான். அப்பா தலையைச் சொறிந்துவிட்டு, சரி என்றார். அடுத்த வாரமே பெரிய கம்பெனி முருகனை முழுங்கியது. அப்புறம் பாத்திமாவை. பங்கு வைத்திருந்தவர்களுக்குப் பணம் கிடைத்ததே தவிர, பலகையைப் பார்க்க யாருக்கும் சந்தோஷமில்லை. பாய் மாமா மட்டும் பெரிய கம்பெனியில் பங்கு வாங்கி வைத்திருந்தார். "யாவாரம் வேற, மனவருத்தம் வேற" என்றார்.

வெளியிலும் அதே கதைதான் நடந்துகொண்டிருந்தது. நிஜமான பெரிய கம்பெனி சின்ன மாமா பஸ்ஸுக்கு முன்னால் ஒரு டைமிங், பெரிய மாமா பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு டைமிங் என்று வாங்கிவிட்டது. பாட்டுப் போடுகிற புது பஸ்கள். அண்ணன் தம்பி இருவரின் பஸ்ஸிலும் வசூல் டீசலுக்குக்கூடக் கட்டவில்லை. பெரிய கம்பெனியின் ஆள் பெரிய மாமாவிடம் வந்து, பஸ்ஸையும் பர்மிட்டையும் கொடுத்துவிடுங்கள் என்று விலை பேசிவிட்டுப் போனார். வருகிற புதன்கிழமை அட்வான்ஸ் என்று முடிவாகியிருந்தது. பெரிய மாமா விற்றுவிட்டால் சின்ன மாமாவால் தனியாக நிற்க முடியாது, அவர் பஸ்ஸும் போய்விடும். தாத்தா வைத்த பெயர் ரோட்டிலேயே இருக்காது.

அம்மாவுக்கு ஒரே ஒரு ஆசை. இரண்டு பஸ்ஸையும் ஒன்றாகச் சேர்த்து, டைமிங்கைப் பிரித்துக்கொண்டு, ஒன்று போகும்போது ஒன்று வருகிற மாதிரி ஓட்டினால் இருவரும் பிழைத்துக்கொள்வார்கள். அவள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிப் பார்த்தாள். "மூத்தவரு கூப்பிடட்டும்க்கா, வாரேன்" என்றார் சின்ன மாமா. "சின்னவன் வந்து கேக்கட்டும் பாப்பா, நான் என்ன வேணாம்னா சொல்லப் போறேன்?" என்றார் பெரிய மாமா. அதைச் சொல்லும்போதுகூட இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே ஜமக்காளத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தப் புதனுக்கு முந்தைய ஞாயிறு. வெயில் கூரையை உருக்கிக்கொண்டிருந்தது. அடுப்படியில் கறிக்குழம்பு கொதிக்கிற வாசனை வந்துகொண்டிருந்தது. பலகையில் அந்தோணியார் ஐந்து சில்லு, செபஸ்தியார் ஐந்து சில்லு. நடுவில் ஒரே ஒரு காலிக் கட்டம். கீழேயிருந்து பெரிய கம்பெனி கறுப்பாக, நீளமாக வளர்ந்து இரண்டு பேருக்கும் ஒரு கட்டம் தள்ளி வந்து நின்றது. இன்னும் ஒரு சுற்றோ இரண்டு சுற்றோதான்.

தம்பி விரல் விட்டு எண்ணிவிட்டுச் சத்தமாகச் சொன்னான். "அஞ்சும் அஞ்சும் பத்து. நடுச் சில்லோட பதினொண்ணு. அப்புறம் பெரிய கம்பெனியால தொடவே முடியாது!"

மாமாக்கள் இரண்டு பேரும் அந்தக் காலிக் கட்டத்தையே பார்த்தார்கள். "சட்டம்னா சட்டந்தான்" என்று அப்பா முனகினார், ஆனால் குரலில் பலமில்லை. அந்தச் சில்லு யார் கையில் இருக்கிறது என்று அவரவர் கையை அவரவர் பார்த்துக்கொண்டோம். என்னிடம் இல்லை. அம்மா குழம்பைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனாள். திரும்பி வந்ததும் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பார்த்துவிட்டு நெற்றியில் தட்டிக்கொண்டாள்.

"என் சில்லுல ஒண்ணக் காணோமே!"

தேடினோம். ஜமக்காளத்தை உதறினோம். தம்பி பீரோவுக்கு அடியில் தலையை விட்டு, தொலைந்துபோயிருந்த ஒரு பம்பரத்தோடு வெளியே வந்தான். பாய் மாமா தன் ஜிப்பாப் பையைக்கூட வெளியே இழுத்துக் காட்டினார். சில்லு மட்டும் கிடைக்கவில்லை.

"பதறாத பாப்பா" என்றார் பெரிய மாமா. வழக்கம்போலக் கண்ணை மூடினார். நெற்றியில் சிலுவை போட்டார். "அந்தோணியாரே, கெடைச்சா ஒரு பாக்கெட் மெழுகுவத்தி. செத்த நேரத்துல கொண்டாந்துரும்." பிறகு கண்ணைத் திறந்து, "சொல்லிட்டேன். சோத்தப் போடு" என்றார்.

பலகையை நகர்த்தாமல் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம். அம்மா வரிசையாகக் குழம்பு ஊற்றிக்கொண்டு வந்தாள். பெரிய மாமா இரண்டாவது கவளத்தை வாயில் வைத்தார். 'டக்' என்று ஒரு சத்தம். சொத்தைப் பல்லைப் பிடித்துக்கொண்டு, "யேசுவே!" என்று அலறினார். வாயிலிருந்து எதையோ எடுத்தார். எலும்பு என்று நினைத்தேன். மாமா அதைத் தண்ணீர் டம்ளரில் அலசித் தூக்கிப் பிடித்தார். கறுப்பாக, சதுரமாக இருந்தது. மஞ்சள் பூசிய எழுத்தும் எண்ணும் தெரிந்தன.

அப்பா பலகையைப் பார்த்தார். சில்லைப் பார்த்தார். "நடுக் கட்டம்" என்றார் மெதுவாக.

"ஐயையோ, முடிச்சு அவுந்து குழம்புல விழுந்துருச்சு போலருக்கே" என்றாள் அம்மா. "பல்லு போயிருச்சாண்ணே?"

பெரிய மாமாவுக்குப் பல் வலியே மறந்துவிட்டது. கண் கலங்கிவிட்டது அவருக்கு. "தேடித் தாரும்னேன். என் தட்டுலயே கொண்டாந்து வச்சுட்டாரு பாத்தியா பாப்பா! இம்புட்டுப் பேரு சாப்பிடுறாங்க, என் வாயில எதுக்கு வரணும்? ஏதோ சொல்றாரு. எனக்குத்தான் சொல்றாரு."

"குழம்புக்குள்ள போன சில்லு செல்லுமா..." என்று அப்பா ஆரம்பித்தார். "அதுவும் சாமியச் சாமி முழுங்கக் கூடாதுன்னு..."

பாய் மாமா எச்சில் கையை உயர்த்தித் தடுத்தார். "வாத்தியாரே, செத்த சும்மா இருங்க. உங்க கோயில்ல நான் பாத்துருக்கேன். அந்தோணியாரும் செபஸ்தியாரும் பக்கத்துப் பக்கத்துலதான நிக்கிறாங்க? யாரு யார முழுங்கினாங்க?"

பெரிய மாமா ஈரச் சில்லை வேட்டியில் துடைத்தார். பலகையின் நடுவில் வைத்தார். பிறகு, சித்தி சொன்ன விதிதான், ஒரே அளவென்றால் சில்லு வைத்தவர் பெயர் சொல்ல வேண்டும். எல்லோரும் அந்தோணியார் என்று சொல்வார் என்றே எதிர்பார்த்தோம். சின்ன மாமா தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டிருந்தார்.

"செபஸ்தியாரு பேரே இருக்கட்டும்" என்றார் பெரிய மாமா அப்பாவைப் பார்த்து. "சின்னவன்தான். இருந்துட்டுப் போவட்டும்."

சின்ன மாமா நிமிர்ந்தார். என்னைத் தேடவில்லை. நேராக அண்ணனைப் பார்த்தார். "அந்தோணியாரு அப்பா வச்ச பேருண்ணே. அத எடுக்கச் சொல்ல நீ யாரு?"

"ஏலே, நான் மூத்தவன். சொன்னாக் கேளு."

"கேக்க மாட்டேன். அந்தோணியாரு பேருதான் நிக்கணும்."

"அந்தோணியாரே சொல்லிட்டாருங்கிறேன், நீ என்னலே குறுக்க?"

"அவரு உன்கிட்டச் சொன்னாரு. என்கிட்டச் சொல்லல!"

இரண்டு பேரும் கத்திக்கொண்டார்கள். தெருவில் போகிறவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். ஒரு வருடத்துக்கு மேல் என் வாய் வழியாகவே பேசிக்கொண்டிருந்தவர்கள் என்னை மறந்துவிட்டு நேருக்கு நேராகக் கத்தினார்கள். எனக்கு அப்படியொரு நிம்மதி. அம்மா மோர் எடுத்து வருகிறேன் என்று அடுப்படிக்குப் போனவள் வரவேயில்லை. போய்ப் பார்த்தால், மோர்ச் சட்டியைப் பிடித்தபடி சுவரைப் பார்த்து நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் பல் உடைந்துவிட்ட வருத்தம் என்று நினைத்தேன். பதினாலு வயதில் அவ்வளவுதான் புத்தி.

அன்றைய ஆட்டம் முடியவேயில்லை. புதன்கிழமை பெரிய கம்பெனியின் ஆள் அட்வான்ஸோடு வந்தபோது பெரிய மாமா வீட்டில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து உட்கார்ந்து டைமிங் போட்டுக்கொண்டிருந்தார்களாம். அந்த ஆளுக்குக் காபி மட்டும் கொடுத்து அனுப்பினார்கள்.

சேர்த்து ஓட்டினார்கள். பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் பெயர்ச் சண்டை மட்டும் ஓயவில்லை. நீ விட்டுக்கொடு என்று இல்லை, நான்தான் விட்டுக்கொடுப்பேன் என்று சண்டை. இரண்டு பெயரையும் எழுதலாமே என்றார் அப்பா. எது முதலில் என்று கேட்டு மறுபடி ஆரம்பித்தார்கள். கடைசியில் வெறுத்துப்போய், இரண்டு பஸ்ஸின் நெற்றியிலும் என் அம்மாவின் பெயரை எழுதிவிட்டார்கள். அம்மாவிடம் கேட்கவே இல்லை.

அதற்குப் பிறகு ஒரு வருடம் அம்மா பஸ் ஸ்டாண்டுப் பக்கமே போகவில்லை. கண்டக்டர் அவள் பெயரைச் சொல்லி, "ஏறு, ஏறு, வத்தலக்குண்டு, வத்தலக்குண்டு" என்று கூவுவார். அப்பாவின் பாடு இன்னும் மோசம். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் அறைக்குள் நுழைந்தால் ஒருவர் சொல்வார், "சார், உங்க வீட்டம்மா செம்பட்டியில பஞ்சராகி நிக்கிறாங்க." இன்னொருவர் சொல்வார், "நேத்து உங்க வீட்டம்மா ரொம்ப ஸ்பீடு சார், கொஞ்சம் சொல்லி வைங்க." அப்பா எல்லாவற்றையும் வீட்டில் வந்து அப்படியே ஒப்பிப்பார். அம்மா அவர் தட்டில் எலும்பாகப் பார்த்துப் போடுவாள்.

பஸ்கள் ரொம்ப வருடம் ஓடின. மாமாக்களுக்கு வயதான பிறகு, இரண்டாயிரத்துக்குப் பின்னால், நல்ல விலைக்கே விற்றுவிட்டார்கள். பெரிய மாமா போன வருடம் போய்ச் சேர்ந்தார். கடைசிவரை யார் வந்தாலும் மேலுதட்டைத் தூக்கிப் பல் இல்லாத அந்த இடத்தைக் காட்டி, அந்தோணியார் தனக்குச் சில்லு கொடுத்த கதையைச் சொல்வார். அந்தோணியாருக்கு உகந்த செவ்வாய்க்கிழமையில் தவறாமல் மெழுகுவர்த்தி ஏற்றினார். அவர் அடக்கத்தன்று சின்ன மாமாவும் அதே கதையைச் சொல்லித்தான் அழுதார்.

பெரிய மாமாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்து அம்மாவோடு இரண்டு நாள் தங்கியிருந்தேன். அப்போது பரணில் அந்தப் பெட்டி கிடைத்தது. நோட்டுகளைக் கரையான் தின்றுவிட்டது. பங்கு அட்டைகளில் பாதி இல்லை. சில்லுகளைக் கொட்டிக் கிளறினேன். நடுக் கட்டத்துச் சில்லு கிடைத்தது, ஓரத்தில் மாமாவின் பல் பதிந்த தடத்தோடு. அதைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வயதுக்குப் பிறகு!

அம்மா கட்டிலில் உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, பெரிய மாமா தட்டுக்கு மட்டும் நீ ஒவ்வொரு துண்டாப் பொறுக்கி, நசுக்கிப் பாத்துத்தான வைப்ப?"

"ஆமா. பல்லு ஆகாதுல்ல அவருக்கு."

"அப்ப இம்புட்டுப் பெரிய கறுப்புச் சில்லு உன் கண்ணுல படலையா?"

அம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரு காம்பை ஒடித்துப் போட்டாள்.

"அந்தோணியாரு சொரூபத்தப் பாத்துருக்கேல்ல?" என்றாள். "ஒரு கையில குழந்தை யேசு, இன்னொரு கையில லீலிப் பூ. கரண்டி பிடிக்க அவருக்கு ஏது கை? யாராவது பிடிக்கணும்ல?"